‘ஃபுல்’ என்றால் துரைக்குச் சந்தோஷம்

மஞ்சக்கல் எஸ்டேட்,
வண்டன்மேடு வழி.
12–3–1930

ஜானகிக்கு அர்த்தநாரி எழுதுவது.

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய். பொங்கலுக்குப் பிறந்த வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. நானும் வா என்று எழுதவில்லை. “எனக்கென்று ஒரு கதவு இருக்கிற வீடு கிடைத்தால் சொல்லுங்கள், வருகிறேன்” என்று சொல்லிவிட்டுத்தானே புறப்பட்டாய். வீடு கிடைத்தபாடில்லை. ஆனால் கிடைக்க ஒரு வழி தெரிகிறது, அதற்கு உன் உதவி வேண்டும். அதனால் வீம்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

லயத்து வரிசை வீட்டில் நம் அறை நீ விட்டுப்போனபடியே இருக்கிறது. சாக்குத் திரைக்கு அந்தப் பக்கம் முத்துப்பேச்சி, அவள் புருஷன், மாமியார், பிள்ளைகள் என்று ஒன்பது பேர். இந்தப் பக்கம் நான் ஒருவன். நீ போனதிலிருந்து அவள் பிள்ளைகளில் இரண்டு பேர் திரையைத் தூக்கிக்கொண்டு வந்து என் பாயில்தான் படுக்கிறார்கள்.

போன வாரம் துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு, “புது லயம் கட்டக் கம்பெனியிடம் கேட்கலாம் என்றிருக்கிறேன். இப்போதைய லயங்கள் எப்படி இருக்கின்றன என்று ஒரு ரிப்போர்ட் எழுது” என்றார். கணக்கப்பிள்ளைக்கும் தனி வீடு உண்டு என்று அவர் வாயாலேயே சொன்னார். நான் இரவல் பேனா வாங்கி, எல்லா லயங்களும் ஃபுல் என்று எழுதிக் கொடுத்தேன். துரை படித்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக என் தோளில் தட்டினார். ஆள் பிடித்துவந்த கங்காணிகளைப் பாராட்டச் சொன்னார். இந்த மலையில் கூடை ஃபுல் என்றால் நல்லது, தேயிலைப் பெட்டி ஃபுல் என்றால் நல்லது, காலையில் பேர் கூப்பிடும் பிரட்டில் ஆள் ஃபுல் என்றால் அதைவிட நல்லது. நான் அழுதுகொண்டு எழுதியதை அவர் சிரித்துக்கொண்டு படித்தார்.

நான் கற்ற இங்கிலீஷ் எல்லாம் மூட்டைக்கும் பெட்டிக்கும் ஆனது. நீ நாலாவது பாரம் வரை படித்தவள். உன் அப்பா வாங்கித் தந்த அகராதியும் உன்னிடம் இருக்கிறது. நிறைந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும், ஆனால் கேட்கிறவன் சந்தோஷப்படக் கூடாது. அப்படி இங்கிலீஷில் என்னென்ன வார்த்தை உண்டு என்று எழுது.

அர்த்தநாரி


கொழிஞ்சாம்பாறை
24–3–1930

மாமாவுக்கு ஜானகி எழுதிக்கொண்டது.

அஞ்சல்காரர் கடிதத்தை நீட்டியபோது அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “மாப்பிள்ளை என்ன கண்ணு எழுதியிருக்கறாரு? வரச் சொல்லியிருக்கறாரா?” என்றாள். “இங்கிலீசில் சந்தேகம் கேட்டிருக்கிறார்” என்றேன். அம்மா உள்ளே போய்விட்டாள். இரண்டு மாதம் கழித்து எழுதுகிற மனுஷர் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். நலமாக இருப்பாய் என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

போகட்டும், கேட்டதைச் சொல்கிறேன். துரை சிரித்ததில் தப்பில்லை. ஃபுல் என்பது நிறைகுடத்துக்குச் சொல்கிற வார்த்தை. அதில் குறையே கிடையாது. பிரிம்ஃபுல் என்று ஒன்று இருக்கிறது. விளிம்பு தொட்டுத் தளும்புவது. பால் செம்புக்குச் சொல்லலாம், அழப்போகிற கண்ணுக்கும் சொல்லலாம். லயத்துக்கு ஆகாது. பேக்டு என்றால் இடைவெளி இல்லாமல் அடுக்கி நிறைப்பது. தேயிலைப் பெட்டி ஞாபகம் வந்து துரைக்கு மறுபடியும் பல் தெரியும், அதனால் வேண்டாம். சாக்ஃபுல் என்றும் ஒரு வார்த்தை. இனி ஒன்றும் கொள்ளாது என்கிற அளவுக்கு நிறைந்தது. ஆனால் அது விளையாட்டுப் பேச்சு போலத் தோன்றுகிறது, ஆபீசுக்கு உதவாது.

க்ரவுடெட் என்றால் ஆள் நெருக்கம். இப்போது சித்தூரில் கொங்கன்படைத் திருவிழா நடந்ததே, அன்றைக்குத் தெரு இருந்தது அப்படித்தான். ஆனால் திருவிழாக் கூட்டம் விடிந்தால் கலைந்துவிடும். லயத்துக் கூட்டம் எங்கே போகும்? ஆகவே அதுவும் பாதிதான். நீங்கள் தேடுவது க்ராம்டு. கொள்ளாத இடத்தில் கொள்ளாததைத் திணிப்பது. காளிச்சாமி அண்ணன் மனைவி, அதான் நம் கமலாத்தாள் நங்கை, தலையணை உறையில் பஞ்சை முழங்கையால் இடித்து அடைப்பாள். தையல் விரியும். அந்த விரிகிற நிலைக்கு பர்ஸ்டிங் என்று பெயர். இந்த இரண்டையும் எழுதுங்கள். எந்த வெள்ளைக்காரனும் இதைப் படித்துவிட்டுத் தோளில் தட்ட மாட்டான்.

இன்னொன்று. எனக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. பொங்கலுக்கு வந்தபோது எனக்கே தெரியாது. தெரிந்த பிறகும் கோபத்தில் எழுதவில்லை. கோபம் இப்போதும் தீரவில்லை, ஆனாலும் பிள்ளையின் தகப்பனாருக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. பிள்ளையை எடுத்துக்கொண்டு நான் அந்தச் சாக்குக்குப் பின்னால் வந்து குடியிருக்க மாட்டேன். எனக்கு உங்களோடு இருக்க ஆசைதான். அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பால் கொடுக்கவும் அழவும் சிரிக்கவும் ஒரு கதவு வேண்டும்.

ஜானகி


மஞ்சக்கல்
22–4–1930

என் ஜானகிக்கு,

உன் கடிதத்தின் கடைசிப் பகுதியைப் படித்த பிறகு முதல் பகுதி மனதில் ஏறவே இல்லை. மறுநாள் பிரட்டில் பெயர் கூப்பிடும்போது ஒரே பெயரை மூன்று தடவை கூப்பிட்டேன். சுருளிவேல் கங்காணி, “என்னய்யா, கணக்கப்புள்ளைக்கு ராத்திரி காய்ச்சலா?” என்று கேட்டார். உடம்பைப் பார்த்துக்கொள். கேட்காமல் விட்டது என் மடத்தனம்.

இனி நடந்த கூத்தைக் கேள். நீ எழுதிய இரண்டு வார்த்தைகளோடு க்ரவுடெட்டையும் சேர்த்துப் போட்டேன். அது போதாதென்று நம் ஊர் வழக்கில் எள் போட்டால் எள் விழாது என்பதையும் இங்கிலீஷில் எழுதிவிட்டேன். துரை படித்துவிட்டு, “லயத்துக்குள் எதற்கு எள் போடுகிறார்கள்?” என்றார். பதில் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. ஆனாலும் க்ராம்டு வேலை செய்தது. நெற்றியைச் சுருக்கி அந்த வார்த்தையை இரண்டு தரம் வாசித்தார். “வெள்ளிக்கிழமை நானே வந்து பார்க்கிறேன்” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை துரையோடு லயத்துக்குப் போனேன். ஜானகி, நம் லயம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு, வாசலுக்குக் கோலம். ஒவ்வொரு அறையிலும் ஒரு பெண் பிள்ளை குளித்துத் தலைசீவி நிற்கிறாள். பாய் இல்லை, மூட்டை இல்லை, தொட்டில் இல்லை. நம் அறையில் சாக்குத் திரையையே காணோம். நடுவில் முத்துப்பேச்சி மட்டும் கையில் வெற்றிலைத் தட்டோடு நின்றாள். துரை அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கைவீசி நடந்தார். பிறகு என்னைப் பார்த்து, “உன் க்ராம்டு எங்கே?” என்று கேட்டார். இனி கண்ணால் பார்த்ததைத்தான் எழுத வேண்டும் என்று எச்சரித்துவிட்டுக் குதிரை ஏறிவிட்டார்.

அவர் தலை மறைந்ததும் மேட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக இறங்கி வருகிறார்கள். தலையில் பாய், இடுப்பில் பிள்ளை. காலையிலிருந்து அத்தனை பேரும் சோலையோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் முத்துப்பேச்சியைத் திட்டிவிட்டேன். அவள் அசரவில்லை. “ஏய்யா, துரை நம்ம வாசலுக்கு வாராகன்னா, கிழிஞ்ச பாயையும் ஒம்பது உருப்படியையும் பரப்பி வச்சுக்கிட்டா நிப்பாக? வந்த மனுசன் நிக்க எடம் வேணாமா? எங்களுக்கும் மானம் இருக்குய்யா” என்றாள். சுருளிவேலும் அதையே சொல்கிறார். என் நன்மைக்கென்று செய்தார்களாம்.

துரைக்கு இனி என் எழுத்தில் நம்பிக்கை வராது. எந்த வார்த்தை போட்டும் பயனில்லை. நீ அங்கேயே இரு. பிள்ளை அங்கேயே வளரட்டும். நான் வருஷத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துக்கொள்கிறேன். வேறென்ன எழுத?

அர்த்தநாரி


கொழிஞ்சாம்பாறை
6–5–1930

மாமாவுக்கு,

வருஷத்துக்கு ஒருமுறை வந்து பார்க்க இது என்ன மாரியம்மன் நோன்பா? கோபத்தில் எழுதியது என்று அந்த வரியை மட்டும் அடித்துவிட்டேன்.

முத்துப்பேச்சியைத் திட்டியது தப்பு. மார்கழியில் என் அண்ணன் அங்கே வந்தாரே, அன்றைக்கு என்ன நடந்தது? முத்துப்பேச்சி தன் பட்டாளத்தைக் கூட்டிக்கொண்டு பொழுது சாயும்வரை வெளியே போய் இருந்தாள். சாக்கையும் அவள்தான் அவிழ்த்தாள். நான் அண்ணனுக்கு நடு அறையில் தாராளமாக இலை போட்டேன். அண்ணன் இங்கே வந்து, “தங்கச்சி ஊடு நல்லா விசாலமா இருக்குதுங்க” என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அதனால்தான் நான் சொல்வதை இங்கே ஒருத்தரும் நம்பவில்லை. இட நெருக்கடி என்று நான் வாய் திறந்தால் கமலாத்தாள் நங்கை சிரிக்கிறாள். புருஷனோடு சண்டை போட்டுவிட்டுச் சாக்குச் சொல்கிறேனாம். உங்கள் துரையும் என் அண்ணனும் ஒரே அறையைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

வார்த்தையில் குற்றமில்லை மாமா. துரை விருந்தாளியாக வந்தார். விருந்தாளி வந்தால் நம்மவர்கள் வீட்டை ஒதுக்கித்தான் வைப்பார்கள், எத்தனை தரம் வந்தாலும் ஒதுக்குவார்கள். அவரை விசேஷத்துக்குக் கூப்பிடுங்கள். விசேஷ வீட்டிலிருந்து யாரும் யாரையும் வெளியே அனுப்புவதில்லை. அங்கே கூட்டம் குறைந்தால்தான் மானக்கேடு.

விசேஷமும் கையிலேயே இருக்கிறது. அம்மா தினமும் புலம்புகிறாள்: “கட்டுச்சோறு போடாம புள்ளைத்தாச்சியைப் பொறந்த ஊட்டுல வெச்சிருந்தா ஊரு என்ன பேசும் கண்ணு? மாப்பிள்ளை தள்ளி வெச்சுட்டாருன்னு பேசாதா?” அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. பெண் புருஷன் வீட்டில் இருக்க வேண்டும், தாய்வீட்டார் கட்டுச்சோறு கொண்டுபோய்ப் போட்டு, வளையல் அடுக்கி, அழைத்து வரவேண்டும். நான் முன்கூட்டியே வந்து உட்கார்ந்துகொண்டேன். ஆனியில் ஏழாம் மாதம். நான் அங்கே வருகிறேன். அம்மா, அண்ணன், நங்கை எல்லோரும் சோற்றோடு வருவார்கள். புளிச்சோறு வழியில் கெடாது, மற்றதை அங்கே கிளறிக்கொள்ளலாம். துரையையும் துரைசாணியையும் கூப்பிடுங்கள். அதே அறையில், திரையைக் கழற்றாமல்.

நான் குடியிருக்க வருவதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சோறு போட்டு முடிந்ததும் அம்மாவோடு திரும்பிவிடுவேன்.

ஜானகி


மஞ்சக்கல்
25–5–1930

ஜானகிக்கு,

போடி வரை ரயில் சரி. அதற்குமேல் பஸ், அதற்கும் மேல் டோலி. மழை வேறு பிடித்துவிடும். ஏழு மாதத்தில் இது தேவையா என்று நாலு நாள் யோசித்தேன். உன்னைத் தடுத்து எனக்குப் பழக்கமில்லை, அதனால் டோலிக்கு நல்ல ஆளாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

முத்துப்பேச்சியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அன்றைக்குத் திட்டியதை மனதில் வைத்திருப்பாள் என்று நினைத்தேன். “ஞாயித்துக்கிழமையா வைங்க. அப்பத்தான் ஒருத்தர் விடாம இருப்பாக. அது எங்க வீட்டு விசேசமும்தான்” என்றாள். துரைசாணிக்கு வளையல் சடங்கு பார்க்க ஆசையாம். துரை ‘எஸ்’ என்று சொல்லிவிட்டார். எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

அர்த்தநாரி


மஞ்சக்கல்
27–7–1930

ஜானகிக்கு,

நல்லபடியாக ஊர் சேர்ந்தது தெரிந்து மனம் நிம்மதியானது. நீ மணையில் உட்கார்ந்திருந்தாய், உன்னைச் சுற்றி வளையல் அடுக்குகிற கூட்டம். வாசல் பக்கம் நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. அதை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

துரையும் துரைசாணியும் உள்ளே நுழைந்தார்கள் அல்லவா, அதோடு சரி. துரைசாணி முத்துப்பேச்சிக்கும் அவள் மாமியாருக்கும் நடுவில் உட்கார்ந்தவர் கையை மடியிலிருந்து எடுக்க முடியவில்லை. டப்பாவில் அடைத்த சாளை மீன் மாதிரி இருக்கிறோம் என்று துரையிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அப்படியும் ஒரு வழக்கு அவர்கள் பாஷையில் இருக்கிறதாம், உன் அகராதியில் பார். துரை நிலைப்படியில் மாட்டிக்கொண்டார். ஒரு கையில் புளிச்சோறு இலை, இன்னொரு கையில் தொப்பி. உன் அண்ணன் உட்கார இடமில்லாமல் அவர் முதுகோடு முதுகாக நின்றார். மழையோ கொட்டுகிறது.

துரை என்னிடம் கேட்டார், “எத்தனை ஊரைக் கூப்பிட்டாய், நாரி?”

“ஊரைக் கூப்பிடவில்லை சார். உள்ளே இருக்கிறவர்கள் இந்த அறையிலும் பக்கத்து இரண்டு அறையிலும் குடியிருக்கிறவர்கள். உங்களையும் என் மாமியார் வீட்டாரையும் தவிர விருந்தாளிகள் எல்லாம் வெளியே நிற்கிறார்கள்” என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்க முயன்றார், முடியவில்லை. கழுத்தை மட்டும் திருப்பினார். கீழ் லயத்து ஜனங்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மழையில் வரிசையாக நின்று, உள்ளேயிருந்து யாராவது வெளியே வந்தால் நுழையலாம் என்று காத்திருந்தார்கள். துரை “அன்று நான் பார்த்தது?” என்று மட்டும் கேட்டார். சுருளிவேல் முந்திக்கொண்டு, “அன்னைக்கு நீங்க விருந்தாளிங்கய்யா. இன்னைக்கு நம்ம வீட்டு ஆளு” என்றார். நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். என் இங்கிலீஷ் சரியாக இருந்ததா தெரியாது, துரையின் முகம் சிவந்துவிட்டது.

மறுநாள் ரிப்போர்ட்டை அவரே எழுதினார். நீ அனுப்பிய எந்த வார்த்தையும் இல்லை. ஓவர்க்ரவுடெட் என்று ஒன்றே ஒன்று. அதைக் கோடிட்டுக் கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறார்.

டோலியில் ஏறியதும் நீ கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாய். ஆனால் வளைவு திரும்பும் வரை என்னைப் பார்த்துக்கொண்டே போனாய். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்க மாட்டேன். வேலை ஓய்ந்த அந்தி நேரத்தில் நீயாக எழுது.

அர்த்தநாரி


கொழிஞ்சாம்பாறை
18–8–1930

மாமாவுக்கு,

அந்தியில் எழுத நேரமில்லை, அண்ணன் வீட்டு மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு மத்தியானமே எழுதுகிறேன். அர்த்தம் என்ன பெரிய அர்த்தம். விட்டுப் போக மனசில்லை, அவ்வளவுதான்.

ஓவர்க்ரவுடெட். அகராதி முழுக்கத் தேடியும் நான் இதை எழுதாமல் விட்டேன் பாருங்கள். க்ரவுடெட் என்றால் நெருக்கம் என்பதோடு நின்றுவிடும். இது அளவுக்கு மேல் போய்விட்டது, அளவு மீறவிட்டவர் யாரோ ஒருவர் பதில் சொல்லவேண்டும் என்கிறது. துரை தன்னையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார். நல்ல மனுஷர்.

அண்ணன் இப்போது ஊரில் வேறு கதை சொல்கிறார். “என்ற தங்கச்சி சொன்னது நெசந்தானுங்க. உக்கார எடமில்லீங்க, துரை முதுகுல சாஞ்சுக்கிட்டுத்தானுங்க சோறு உண்டேன்” என்கிறார். அது அவருக்குப் பெருமையாகவும் போய்விட்டது. நங்கை சிரிப்பதை நிறுத்திவிட்டு எனக்குக் களியும் கருப்பட்டியும் கிண்டித் தருகிறாள்.

ஆனால் கதவு விஷயம் அப்படியே இருக்கிறது. அதை நான் மறக்கவில்லை.

ஜானகி


மஞ்சக்கல்
15–1–1931

ஜானகிக்கு,

பாப்பாவை வந்து பார்த்துவிட்டுத் திரும்பியதிலிருந்து எனக்கு வேலையில் மனம் நிற்பதில்லை. விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாளே, அந்த விரலால்தான் இதை எழுதுகிறேன்.

புது லயம் எழும்பிவிட்டது. கல் சுவர், ஓட்டுக் கூரை, ஒவ்வொரு அறைக்கும் ஜன்னலும் தாழ்ப்பாளும். ஆனால் துரை கேட்டதில் பாதியைத்தான் கம்பெனி கொடுத்தது. கணக்கப்பிள்ளைக்குத் தனி வீடு என்பதை வெட்டிவிட்டார்கள். துரை என்னைக் கூப்பிட்டு, “வீடு இல்லை, ஆனால் புது அறைகளில் ஒன்றை எடுத்துக்கொள். முதலில் நீ” என்றார்.

சரி என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. மற்ற அறைகளுக்கு ஆள் குறித்தாயிற்று, எனக்கென்று ஒதுக்கிய ஒன்றுதான் மிச்சம். நான் அதை எடுத்துக்கொண்டால், சாக்குக்கு இந்தப் பக்கம் காலியாகும் பாதியில் வேறொரு குடும்பத்தை வைத்துவிடுவார்கள். சந்தனம் என்று ஒருவன், கல்யாணமாகி நாலு பிள்ளை, அடுத்து அவன்தான். முத்துப்பேச்சி அப்போதும் அதே பாதியில் கிடப்பாள். அவளுக்குத் தெரியும். ஆனாலும், “நீங்க புது ரூமுக்குப் போங்கய்யா, பச்சைப் பிள்ளை வாரா” என்று அவளே என் பாத்திரங்களைத் தேய்த்து வைத்திருக்கிறாள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ கேட்டது ஒரு கதவு. ஒரு வருஷமாக நீ கேட்டது அது ஒன்றுதான். அது இப்போது என் கையில் இருக்கிறது. அதை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டு உன்னை வா என்று கூப்பிட எனக்கு முகமில்லை. எடுத்துக்கொள்ளவும் மனமில்லை. மாசக் கடைசிக்குள் துரைக்குப் பதில் சொல்லவேண்டும். நீ சொல், அப்படியே செய்கிறேன்.

அர்த்தநாரி


கொழிஞ்சாம்பாறை
23–1–1931

மாமாவுக்கு,

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? புது அறை முத்துப்பேச்சிக்கு. ஒன்பது பேர் இருக்கிறவளுக்குப் போகாமல் மூன்று பேருக்கா போகும்?

ஆனால் பெரிய மனசு பண்ணி எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிறவள் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். முத்துப்பேச்சி போன பிறகு பழைய அறை முழுவதும் நமக்கு. அதில் பாதியைச் சந்தனத்துக்கோ வேறு யாருக்கோ கொடுக்கக் கூடாது. சந்தனத்துக்கு வேறு இடம் பார்ப்பது துரையின் பாடு. அந்த அறைக்கும் ஒரு கதவு இருக்கிறது, தாழ்ப்பாள் மட்டும் இல்லை. அதை அண்ணன் கொல்லனிடம் அடித்து வாங்கி வைத்துவிட்டார்.

இதை நீங்கள் துரையிடம் கேட்கமாட்டீர்கள். கேட்கப் போய், எதையாவது இங்கிலீஷில் எழுதிவிட்டு வருவீர்கள். ஆகவே நானே அவருக்கு ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அகராதியைத் தொடவில்லை. இந்த அறையில் ஒரு தாயும் தகப்பனும் குழந்தையும் குடியிருக்கப் போகிறார்கள், நாலாவது ஆளுக்கு இதில் இடம் இல்லை என்று சின்னச் சின்ன வார்த்தையில் எழுதியிருக்கிறேன். அவர் மறுத்தால் துரைசாணியிடம் கொடுங்கள். அவருக்குப் புரியும்.

அம்மாவுக்கு நான் போவதில் பாதி சந்தோஷம், பாதி அழுகை. “குளுருல புள்ளைக்கு நெஞ்சு கட்டுமே கண்ணு” என்று கம்பளி பின்னிக்கொண்டிருக்கிறாள். மாசி பிறந்ததும் நல்ல நாள் பார்த்து அண்ணன் கொண்டுவந்து விடுகிறார்.

முத்துப்பேச்சியிடமும் லயத்துச் சனத்திடமும் ஒன்று சொல்லிவிடுங்கள். நானும் பாப்பாவும் வருகிற அன்றைக்கு யாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சோலையோரம் போக வேண்டாம். எல்லோரும் வாசலிலேயே இருக்கட்டும். நாங்கள் விருந்துக்கு வரவில்லை.

ஜானகி